பெரிய காதும் ஜால்ராவும்

பிப்ரவரி 4

அன்புள்ள பெரிய காதுக்காரருக்கு,

இன்று காலை எழுந்ததும், பல்கூட விளக்காமல், நீங்கள் அனுப்பிய கட்டுரையின் அடியில் இருந்த என் பெயரைச் சிவப்பு மையால் அடித்தேன். அதற்குப் பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

நாம் விவாகரத்தாகிப் பிரிந்து ஏழு வருஷமாகிறது. வீட்டுச் சாமான்களைப் பிரித்தோம், இசைத்தட்டுகளைப் பிரித்தோம், ஜாஸ் ரசிகர் வட்டத்தின் இதழில் வரும் ‘இரண்டு ஜோடிக் காது’ பத்தியைப் பிரிக்க மட்டும் மறந்துவிட்டோம். நீங்கள் எழுதுவீர்கள், நான் கையெழுத்துப் போட்டு ஆசிரியருக்கு அனுப்புவேன். வட்டத்தில் உங்களுக்குப் ‘பெரிய காது’ என்று பட்டம், எனக்கு ‘ஜால்ரா’. இந்த முறை ஜால்ரா போட முடியாது.

பழைய ஜாஸ் கச்சேரித் தட்டு ஒன்று புதிதாக வந்திருப்பதைப் பற்றி, “மறுபதிப்பு என்ற பெயரில் சிம்பலைக் கொன்று புதைத்திருக்கிறார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். நான் மூன்று தடவை கேட்டேன். இரண்டாவது பாட்டில் பியானோ ஒதுங்கியதும், டிரம்காரர் குச்சி நுனியால் அந்தப் பித்தளைச் சிம்பலைத் தொட்டுத் தொட்டுப் போகிறார். தகரக் கூரையில் தூறல் தொடங்குவதுபோல் இருக்கிறது. கொலையும் இல்லை, புதைகுழியும் இல்லை.

அந்தத் தட்டைச் செய்த பெண் எட்டு மாதம் தனியாக உட்கார்ந்து பழைய ஒலிநாடாவைச் சுத்தம் செய்தாளாம். அவளுக்கு இதுதான் முதல் தட்டு. “பெரிய காதே சொல்லிட்டார்” என்றால் நம் ஆட்கள் கடைப்பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். இன்னொரு தடவை கேளுங்கள். பிறகு எழுதுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் ஜால்ரா


பிப்ரவரி 9

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

சிவப்பு மை பார்த்தேன். என் கட்டுரையில் யாரும் சிவப்பு மை வைத்ததில்லை. அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலையில் முப்பது வருஷம் நான்தான் மற்றவர்களுக்கு வைத்திருக்கிறேன்.

இன்னொரு தடவை என்ன, பதினொரு தடவை கேட்டேன். சிம்பல் இல்லை. நீ சொல்லும் தூறலும் இல்லை. பியானோ ஒதுங்குகிறது, பேஸ் மட்டும் நடக்கிறது, அவ்வளவுதான். போன வருஷம் வந்த இரண்டு மறுபதிப்பிலும் இதே கதை. இப்போது எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். இரைச்சலை எடுக்கிறேன் என்று உயிரை எடுக்கிறார்கள். அந்தப் பெண் மேல் உனக்கு இரக்கம், அதனால் இல்லாததெல்லாம் உனக்குக் கேட்கிறது.

உன் பெயர் இல்லாமல் ‘இரண்டு ஜோடிக் காது’ எப்படி வரும்? அதையும் சொல்லேன். ஜால்ரா என்று கூப்பிட்டபோதெல்லாம் நீ சிரித்துக்கொண்டுதானே இருந்தாய்?

குளியலறைக் குழாய் ஒழுகுவதை ஒருவழியாகச் சரிசெய்துவிட்டேன். நீ இருந்தபோது சொல்லிக்கொண்டே இருப்பாயே, அதே குழாய்தான்.

உன்,
பெ. கா.


பிப்ரவரி 13

அன்புள்ள பெ. கா.,

முதலில் ஒரு திருத்தம். நான் சிரிக்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பதினான்கு வருஷம் நீங்கள் தள்ளியே நின்றீர்கள்.

இரண்டாவது திருத்தம். நான் டாக்டரம்மா இல்லை. காது சோதிக்கிறவள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆளை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, “சத்தம் கேட்டா பட்டனை அழுத்துங்க” என்று சொல்கிறவள். ஒரு நாளைக்கு ஒன்பது பேர். அதனால்தான் இதை எழுதுகிறேன், கோபத்தில் இல்லை.

போன வாரம் நம் மகள் உங்களுக்குப் போன் செய்தாளாமே. “அப்பா, உங்களுக்குச் சட்டை வாங்கியிருக்கேன்” என்றாளாம். “எந்தத் தட்டை? முதல் பதிப்பா?” என்று கேட்டீர்களாம். அவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு என்னிடம் சொன்னாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் சிரிப்பு நின்றது. உங்களுக்கு இசைத்தட்டுப் பைத்தியம் என்று அவள் நினைக்கிறாள். என் வேலையில் அதை வேறு மாதிரி எழுதிக்கொள்வோம். ‘ச’ காணாமல் போகிறது. சிம்பல் போகிற இடமும் அதே இடம்தான், மேல் சுருதி.

ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். இதே கச்சேரியின் முதல் பதிப்பு உங்கள் பங்கில்தான் இருக்கிறது. அதை எடுத்துப் போடுங்கள். அதில் சிம்பல் இருந்தால் நான் தோற்றேன், கையெழுத்தும் போடுகிறேன். இல்லையென்றால் நீங்கள் என் அறைக்கு வரவேண்டும். அரை மணி நேர வேலை.

இப்படிக்கு,
காது சோதிக்கிறவள்


பிப்ரவரி 18

காது சோதிக்கிறவளுக்கு,

போட்டேன். முதல் பதிப்பிலும் சிம்பல் இல்லை. அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இருபது வருஷமாக ஓட்டிய தட்டு, பள்ளம் தேய்ந்துவிட்டது. ஊசியும் பழசு. புது ஊசிக்குச் சொல்லியிருக்கிறேன். அதற்கும் மசியாவிட்டால் ஆம்ப்ளிஃபயரைப் பிரிக்கச் சொல்வேன்.

போனில் யாருக்குத்தான் எல்லாம் சரியாகக் கேட்கிறது? உன் மகள் வாயில் எதையாவது மென்றுகொண்டே பேசுவாள். அதை வைத்து நீ எனக்குச் சீட்டு எழுதுகிறாய்.

ஒன்று சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. சொந்த வீடு இல்லை, சம்சாரம் இருந்தது, போய்விட்டது. இந்தக் காது ஒன்றுதான் பாக்கி. இதற்காகத்தான் நாலு பேர் மதிக்கிறார்கள். அதில் கொண்டுவந்து ஹெட்போனை மாட்டி, குழந்தைமாதிரி பட்டன் அழுத்தச் சொல்லாதே. வரமாட்டேன். கட்டுரை மார்ச் இதழில் வரும். உன் பெயர் இருந்தாலும் வரும், இல்லாவிட்டாலும் வரும்.

பெ. கா.


பிப்ரவரி 22

பெ. கா.வுக்கு,

இல்லாமல் வரட்டும். என் பெயரைப் போட்டால் ஆசிரியருக்கு நானே மறுப்பு எழுதுவேன்.

முதலில் தட்டு, பிறகு ஊசி, பிறகு ஆம்ப்ளிஃபயர். வீட்டில் இருக்கிற எல்லாச் சாமானும் குற்றவாளி, நீங்கள் ஒருவர்தான் சாட்சி. நான் உங்களோடு இருந்தபோதும் இப்படித்தான். அப்போது கடைசிச் சாமான் நானாக இருந்தேன்.

உங்கள் காது போனதைச் சொன்னால் உங்களுக்கு எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உங்கள் காதுக்காக அந்தப் பெண்ணின் எட்டு மாதத்தைக் கொடுக்க மாட்டேன். என் காதையும் கொடுக்க மாட்டேன்.

நான்


மார்ச் 6

அன்புள்ள உனக்கு,

கட்டுரையை ஆசிரியரிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டேன். “என்ன சார், உங்க கையிலிருந்து வந்தது ஒரு நாளும் திரும்பிப் போனதில்லையே” என்றார். “ஒரு எழுத்துப்பிழை” என்று சொன்னேன்.

புது ஊசி வந்தது, ஒன்றும் மாறவில்லை. ஆம்ப்ளிஃபயரைப் பிரித்தவன், “நல்லா இருக்கு, ஏன் சார் தொந்தரவு பண்றீங்க” என்று மூடிக் கொடுத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மதியம் நூலகக் கூடத்தில் மூன்று பேர் குழு ஒன்று வாசித்தது. முதல் வரிசையில், டிரம்ஸுக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்தேன். டிரம்ஸ் வாசித்தவள் சின்னப் பெண். நடுவில் எல்லோரும் அடங்கி, அவள் மட்டும் குச்சி நுனியால் சிம்பலைத் தொட்டாள். கை இறங்கியது. சிம்பல் ஆடியது. பக்கத்தில் இருந்தவர் கண்ணை மூடித் தலையாட்டினார்.

என் காதுக்கு ஒன்றும் வரவில்லை.

அங்கே யாரைக் குறை சொல்ல? தட்டும் இல்லை, ஊசியும் இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? பக்கத்து ஆளைப் பார்த்து, அவரோடு சேர்ந்து தலையாட்டினேன். அந்த நேரத்தில் உன் ஞாபகம்தான் வந்தது.

ஒரு யோசனை. நீ கேட்டு என்ன கேட்டது என்று எழுதி அனுப்பு. நான் அதை நம் பத்தியின் நடையில் எழுதிவிடுகிறேன். இரண்டு பெயரும் அப்படியே இருக்கட்டும். யாருக்கும் தெரிய வேண்டாம். மகளுக்கும்கூட.

உன்,
பெ. கா.


மார்ச் 10

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் காலையில் வேலைக்குப் போகும்முன் படித்தேன், மதியம் படித்தேன், கடைசி ஆள் போன பிறகு கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய், நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன். அந்த அறையில் வெளிச்சத்தம் எதுவும் வராது. அங்கே உட்கார்ந்து அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். என் முறை இன்றுதான் வந்தது.

கட்டுரையைத் திரும்ப வாங்கியதற்கு நன்றி. அது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் நீங்கள் கேட்பதற்கு என் பதில், முடியாது. முன்பு உங்கள் காதில் கேட்டதற்கு நான் தலையாட்டினேன். இப்போது என் காதில் கேட்பதற்கு நீங்கள் தலையாட்டுவீர்கள். ஆள்தான் மாறுகிறது, ஜால்ரா அப்படியே இருக்கிறது. அந்தக் கூடத்தில் தலையாட்டியபோது உங்களுக்கு எப்படி இருந்ததோ, அப்படித்தான் எனக்குப் பதினான்கு வருஷமும் இருந்தது. அந்த நிலை உங்களுக்குக்கூட வர வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு, என் நோட்டில் உங்களுக்கு ஒரு இடம் எழுதியிருக்கிறேன். பென்சிலில். ஒன்பதே கால் வரை பார்ப்பேன், வராவிட்டால் அழித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். காதில் கருவி வைத்தால் சிம்பல் திரும்ப வரலாம். பழையபடி வராது. தகரத்தைச் சுரண்டுகிற மாதிரிதான் கேட்கும், அதற்குப் பழக வேண்டும். பேஸின் கீழ்ச் சுருதி உங்களுக்கு இன்னும் முழுசாக இருக்கிறது. ‘பேஸ் மட்டும் நடக்கிறது’ என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கட்டுரைகளில் எனக்குப் பிடித்த ஒரே வரி அதுதான், கட்டுரையில் இல்லாமல் கடிதத்தில் இருந்தது.

பத்தியைப் பற்றி ஒன்று முடிவு செய்திருக்கிறேன். இன்னும் ஆசிரியருக்குத் தெரியாது, மகளுக்கும் தெரியாது. இந்தத் தாளைப் பிரிக்கும் வரை உங்களுக்கும் தெரியாது. இந்தத் தட்டைப் பற்றி நான் தனியாக எழுதப் போகிறேன், என் பெயரில் மட்டும். தலைப்பு ‘ஒரு ஜோடிக் காது’. உங்கள் காதைப் பற்றி அதில் ஒரு எழுத்தும் இருக்காது. அதை எழுதுகிற உரிமை உங்களுக்குத்தான் உண்டு.

முதல் வாக்கியம் தயார். இரண்டாவது பாட்டில் பியானோ ஒதுங்கியதும் சிம்பல் வருகிறது, நான் கேட்டேன்.

நான்