பித்தளைப் பின்கள் போட்ட பிறகும்

சனிக்கிழமை, காலை எட்டு மணி, சமையலறை.

நேற்று உங்கள் கிட்டாருக்கு, கம்பிகளை அடியில் பிடித்து நிறுத்தும் பிரிட்ஜ் பின்களைப் பித்தளையில் போட்டேன். மூன்று வாரத்துக்கு முன்னால் முதலில் பிளாஸ்டிக் பின்களைக் கழற்றிவிட்டு எலும்புப் பின்கள் போட்டேன். "இன்னும் போர்வைக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கு" என்றீர்கள். பின்கள் துளையில் ஆடுகின்றன, அதனால்தான் என்று சொல்லி ஆறு பின்களையும் தேய்த்து, ஆடாமல் பொருத்தினேன். அப்போதும் அதையே சொன்னீர்கள். நேற்று பித்தளை போட்டதும் மேல் ஸ்தாயிக் கம்பிகள் கணீரென்று கேட்டன. "காதைக் குத்துதும்மா" என்று மகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நீங்களோ கம்பிமேல் காதை வைத்துக்கொண்டு, "ரிப்பேர்காரம்மாவுக்குக் கை போயிடுச்சு" என்றீர்கள்.

அதைக் கேட்டு நான் உங்களிடம் கத்தியது தப்புதான். ஆனால் கிட்டாரில் ஒரு குறையும் இல்லை. எலும்பு போட்ட அன்றே எனக்குத் தெரியும். உங்கள் காதைப் பற்றிச் சொல்ல வாய் வராமல், பின்கள்மேல் பழியைப் போட்டு மூன்று வாரத்தை வீணாக்கிவிட்டேன். சீக்கிரம் வந்தால் மிச்சத்தையாவது காப்பாற்றலாம் என்கிறார் காது டாக்டர். இன்று பதினோரு மணிக்கு அவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். என்னால் ரிப்பேர் கடையை விட்டு வர முடியாது. உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், போய்விட்டு வாருங்கள்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சாவி ஆணியில் இருக்கிறது.

உங்களிடம் கிட்டார் கற்கும் மாணவர்கள் யாரிடமும் இதைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

திட்டுவதென்றால் வந்து திட்டுங்கள். முதலில் போங்கள்.

(கீழே, பென்சிலில்)

பத்தரைக்குக் கிளம்பிட்டேன். மகளையும் கூட்டிட்டுப் போறேன். டாக்டர் சொல்றதை அவ கேட்டு எழுதிக்கட்டும்.