கூசும் துணிக்கொடி

14-10-96, திங்கள்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, மழை வருமுன் கொடியில் கிடந்த துணிகளை எடுக்கப் போனேன். கம்பியைத் தொட்டதும் கை சுள்ளென்று இழுத்தது. தோட்டத்து மோட்டாருக்கு அரசாங்கம் இலவசமாகத் தரும் கரண்டை என் வீட்டுக்காரர் திருட்டு ஒயர் போட்டு வீட்டு விளக்குகளுக்கு இழுத்திருக்கிறார். அந்த ஒயர் பிளாஸ்டிக் உரிந்து கொடிக்கம்பியில் உரசிக்கொண்டு கிடக்கிறது.

மத்தியானம் காந்திபுரத்திலிருந்து சோலார் விளக்கு விற்பவர் வந்தார். "பாதி விலை சர்க்கார் மானியமுங்க" என்றார்.

"மீதிப் பாதிய உங்க மாமனாருங்களா குடுப்பாரு?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். "ஓசிக் கரண்டு இருக்கறப்ப வெயில எதுக்குங்க காசு குடுத்து வாங்கோணும்?"

வந்தவர் அண்ணாந்து அந்த ஒயரைப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவர் போனதும் காலையில் கை இழுத்ததை இவரிடம் சொன்னேன்.

"செருப்புப் போட்டுட்டுத் தொடு அம்மணி. ஊட்டு ஆளுகள அது ஒண்ணும் பண்ணாது."

சாயங்காலம் மகள் கவிதா பள்ளிச் சீருடையை அலசிக் கொடியில் போட்டாள். "கம்பி கூசுதும்மா" என்று சிரித்தாள். ஈரக் கையோடு தொட்டிருக்கிறாள்.

ஒயரை நான் கழற்றினால் மறுநாளே மாட்டிவிடுவார். போன மாதம் அப்படித்தான் செய்தார். நாளை இவர் தாராபுரம் போகிறார். நான் கரண்ட் ஆபீசுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன். மோட்டார் இணைப்பையே பிடுங்கிவிடுவார்கள் என்று தெரியும். தென்னை காய்ந்தால் காயட்டும். யார் சொன்னது என்று இவர் கேட்டால், நான்தான் என்று சொல்வேன்.