லீவு நாளில் மூன்றாவது ஆள்

என்னவருக்கு,

நான் சுகம். உங்கள் இடுப்பு வலி தேவலையா? சின்னவள் தலை பின்ன உங்களிடம் உட்காருகிறாளா?

எங்கள் ஆபீஸில் வண்டி நிறுத்த இடம் குறைவு. மூன்று பேராக வரும் காரைத்தான் உள்ளே விடுவார்கள். நேற்று எனக்கு லீவு. ஆனாலும் என்னைத் தினமும் ஏற்றிப் போகும் கணக்குப் பிரிவு அக்கா வாசலில் ஹாரன் அடித்தார்.

"தலைக்கணக்குக்கு ஒரு ஆள் குறையுதும்மா, சும்மா வந்து உட்காரு!"

போனேன். ஆபீஸில் காரை நிறுத்திவிட்டு அவர்கள் வேலைக்குப் போனார்கள். நான் பஸ் பிடித்துத் திரும்பியிருக்கலாம். ரூமில் யார் இருக்கிறார்கள்? பின்சீட்டிலேயே படுத்துக்கொண்டேன். கண்ணாடியில் மழை வழிந்தது. கார் மெல்ல மிதந்து நம் வாசலில் நின்றது. நீங்கள் கதவைத் திறந்தீர்கள். சாயங்காலம் அக்காதான் தட்டி எழுப்பினார்.

என் பழைய போர்வையை அனுப்புங்கள், காரில் குளிர்கிறது. இன்றும் எனக்கு லீவுதான். கீழே ஹாரன் கேட்கிறது, ஓடுகிறேன்.