குமுதவல்லி ஹாலில், ரெஜினா உள்ளே

என்னங்க,

மத்தியஸ்தம் சர்டிபிகேட் கோர்ஸில் சேர இன்றுதான் கடைசி நாள். போட்டோ எடுக்க கேம்ப் ரோடு போகிறேன். மொட்டைமாடியில் துணி காயப்போடும் சண்டையை நான்தான் தீர்த்தேன் என்று விண்ணப்பத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட மாடிவீட்டு ரெஜினாவும் கீழ்வீட்டுக் குமுதவல்லியும் வருவார்கள்.

"முதல் கையெழுத்து என்னோடது!"

"ஏன், நீ என்ன பெரிய இவளா?"

காலையிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். குமுதவல்லியை ஹாலில் உட்காரவையுங்கள், ரெஜினாவை உள்ளே. ஒருத்தி கோபித்துக்கொண்டு போனாலும் எனக்கு இடம் கிடைக்காது. "இந்த வயசுல இதெல்லாம் ஒரு படிப்பா? நாலு வார்த்தை நைசாப் பேசினா முடிஞ்சுது" என்றீர்களே, பேசுங்கள்.

டீ பிளாஸ்கில் இருக்கிறது.

ஜஹீரா

பி.கு. சமாளிக்க முடியாவிட்டால் செல்லுக்கு அடியுங்கள். நாம் மூன்று நாளாகப் பேசிக்கொள்வதில்லை என்பது தெரியும். இருந்தாலும் எடுப்பேன்.