ஐஸ் கம்பெனிக்குத் தெரியாத பெயர்

இன்று காலை பட்டறை மேஜையில் மடிக்கணினி என்னைப் படுத்திவிட்டது. படகுக்காரர்கள் என்ஜின் சர்வீசுக்கு நாள் குறித்துக்கொள்ள வெளியூர் கம்பெனி ஒன்றின் இணைய சேவையை எடுத்திருக்கிறோம். இணைய முகவரியில் நம் பட்டறைப் பெயரே இருக்கட்டும் என்று, சப்டொமைன் என்கிற கிளை முகவரி ஒன்றை அமைத்தோம். திறந்து பார்த்தால், அப்படியொரு பெயர் இங்கே இல்லை என்றது திரை. அமைத்துக் கொடுத்த பெண்ணைக் கூப்பிட்டேன்.

"உங்க பக்கம் சரியாத்தான் இருக்கு சார். அந்த வெளியூர் கம்பெனிகிட்டயும் இந்தப் பேரைப் பதியணும். இல்லன்னா வர்றவங்களைத் திருப்பி அனுப்பிடுவாங்க."

எனக்கு அந்த ஐஸ் கம்பெனி போன் ஞாபகம் வந்தது. ஏனென்று கூட்டாளியாயிருந்த உனக்கு மட்டும்தான் தெரியும்.

எண்பதுகளின் தொடக்கம், கிளிஞ்சல்மேட்டில் நாம் பட்டறை போட்ட புதிது. போனுக்கு எழுதிக் கொடுத்து வருஷக்கணக்காகக் காத்திருந்தோம். பக்கத்து ஐஸ் கம்பெனியில் கேட்டு, அவர்கள் எண்ணையே பி.பி. நம்பர் என்று போட்டு விசிட்டிங் கார்டு அடித்தாய். மேலே உன் முழுப் பெயர், கீழே அடுத்தவன் போன். அந்தத் தோரணையை நான் கிண்டல் செய்யாத நாளில்லை.

உன் மனைவி தலைப்பிரசவத்துக்குப் புதுச்சேரியில் தாய்வீட்டுக்குப் போனபோது, மச்சினனிடம் அந்தக் கார்டைத்தான் கொடுத்தனுப்பினாய்.

ஒரு மதியம் ஐஸ் கம்பெனியில் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கணக்குப்பிள்ளை எடுத்தார். "அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்று வைத்துவிட்டார்.

"யாருக்குங்க?"

"பாண்டிச்சேரி ட்ரங்க் கால். யாரோ பேரு சொன்னாங்க."

அவர் சொன்ன பெயர் உன்னுடையது. பூவம் என்ற ஊரிலிருந்து வந்ததால் அங்கே எல்லோருக்கும் நீ பூவத்தார். கார்டில் இருந்த பெயரை அவர்களிடம் சொல்லி வைக்க நம் இருவருக்குமே தோன்றவில்லை.

"அது நம்ம பூவத்தார்தாங்க" என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

நீ கிரீஸ் கையோடு ஓடி வந்தாய். எக்ஸ்சேஞ்சில் கேட்டால், கூப்பிட்டவர்கள்தான் மறுபடி கால் பதிய வேண்டும் என்றார்கள். எங்கிருந்து கூப்பிட்டார்கள் என்பதும் தெரியாது. நீ போன் பக்கத்திலேயே நின்றாய்.  எனக்கு அந்தக் கறுப்புப் போனைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போலிருந்தது.

மறுபடி அடித்தபோது நீயே பாய்ந்து எடுத்தாய். மச்சினன் கத்தியது எங்களுக்கும் கேட்டது. "அத்தான், ஆபரேஷன் பண்ணணுமாம். நீங்க சொன்னாத்தான் கையெழுத்துப் போடுவேன்."

"போடுடா. உடனே போடு." இணைப்பு அறுந்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாய்.

சாயங்காலம் சேதி வந்தது. தாயும் பெண் குழந்தையும் பிழைத்துவிட்டார்கள். நீ முகத்தைக் கழுவிக்கொண்டு ஐஸ் கம்பெனிக்குள் போனாய். கணக்குப்பிள்ளை, வாட்ச்மேன், ஐஸ் தூக்குகிறவர்கள் என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்து உன் முழுப் பெயரைச் சொன்னாய். "யாரு கேட்டாலும் நான் இங்கதான் இருக்கேன்னு சொல்லுங்க."

நீ கண் மூடிய பிறகும் பட்டறை போனில் உன் முழுப் பெயரைச் சொல்லி யாராவது கேட்கிறார்கள். இல்லையென்று சொல்ல எனக்கு நா எழுவதில்லை. "சொல்லுங்க" என்கிறேன்.