ஈரம் காயாத கதவு

ஒக்டோபர், செவ்வாய்

இன்று லண்டன் கோலியர்ஸ் வுட்டில் ஒரு வாசற்கதவுக்குப் பெயின்ற் அடித்தேன். பைபர்கிளாஸ் கதவு. பூட்டுக்குக் கீழே வெடித்து உள்ளே போயிருந்தது. பந்து பட்டதாம். அப்படித்தான் வீட்டுக்காரி சுமதி சொன்னாள். என் தங்கையின் வயது இருக்கும். பந்து பட்ட இடத்தில் சப்பாத்துக் காலின் அச்சு எப்படி வரும்? பள்ளத்தை நிரப்பித் தேய்த்தேன். பிரைமர் அடித்து, அது காய்ந்த பிறகு கடும்பச்சை பெயின்ற் அடித்தேன்.

பெயின்ற் காயும்வரை கதவைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். இந்தக் குளிரில் அது இலேசில் காயாது. அவளோ கோட்டைப் போட்டுக்கொண்டு பகல் முழுக்க வாசலுக்கு உள்ளே நின்று வீதியையே பார்த்தாள். ஏதாவது கார் மெதுவாகப் போனால் சுவரோடு ஒதுங்கினாள்.

இருட்டத் தொடங்கியதும், "கதவைச் சாத்துவம் அண்ணை" என்றாள்.

"இன்னும் காயேல்லை, தங்கச்சி. இப்ப சாத்தினா கதவுச் சட்டத்தோட ஒட்டிப்போடும். பிறகு திறக்க ஏலாது."

"வெளியில நிண்டும் திறக்க ஏலாதோ?"

பெயின்ற் அடிக்க வந்தவனிடம் கேட்கிற கேள்வியா அது? அவள் முகத்தைப் பார்த்தேன்.

"ஓம், ஏலாது" என்றேன்.

உடனே சாத்தினாள். உள்ளே சங்கிலி மாட்டும் சத்தம் கேட்டது. என் வான் வண்டிக்குள் ஏறிக் கனநேரம் ஸ்டார்ட் பண்ணாமல் இருந்தேன். பொலிசுக்குச் சொன்னாளா, போக வேறு இடம் இருக்கிறதா, எதையும் கேட்கவில்லை. பிறகு வந்துவிட்டேன்.

அந்தப் பெயின்ற் ஓர் உதைக்குக்கூடத் தாங்காது.