தம்பியின் கம்ப்யூட்டரைப் பழையபடி மாற்றிவிட்டோம்

முட்டம்
19.5.2014

அன்பு மகள் பிரிஜாவுக்கு,

அம்மா எழுதுவது. கடவுள் கிருபையால் அப்பா, நான், உன் தம்பி ஜெனின் மூன்று பேரும் இருக்கிறோம். சுகம் என்று எழுதப் பேனா கொஞ்சம் தயங்குகிறது, ஆனாலும் நீ பயப்படும்படி ஒன்றுமில்லை. குவைத்தில் வெயில் கொளுத்துகிறது என்று டிவியில் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடித்து வந்ததும் வெறும் வயிற்றோடு படுத்துவிடாதே, நாலு ரொட்டித் துண்டாவது தின்றுவிட்டுப் படு. அப்பாவுக்கு இழுப்பு குறைந்திருக்கிறது, வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறார், ஆனால் கரைக்கு வந்ததும் மணலில் உட்கார்ந்து மூச்சை ஆற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு நடக்கிறார். மீன்பாடும் சரியில்லை. கிடைத்ததைக் காயவைத்துக் கருவாடாக்கி விற்கிறேன்.

கம்ப்யூட்டர் விஷயம் உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும், முழுதாக எழுதுகிறேன். நீ சொன்னபடி நான்தான் ஆட்டோ பிடித்து அந்தப் பெட்டியைத் திங்கள்சந்தைக்குக் கொண்டுபோனேன். கடைக்கார கிருஷ்ணமணி அண்ணாச்சி அதைத் திறந்து பார்த்துவிட்டு, இந்தப் பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்கு இனிமேல் கம்பெனிக்காரன் ஒன்றும் செய்யமாட்டான் அக்கா, வைரஸ் வந்தா வந்ததுதான், வேற விண்டோஸ் போட்டுத் தாறேன், மகளை நல்ல தெளிவாப் பாக்கலாம் என்றார். ஜெனின் வரைந்த படங்கள் ஒன்றுகூடப் போகக்கூடாது என்று நான் அவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன், அவரும் ஒன்றைக்கூட விடாமல் பத்திரமாக எடுத்து வைத்துக் கொடுத்தார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. சொன்ன வேலையைச் சொன்ன மாதிரியே செய்தார்.

வீட்டுக்கு வந்து மாட்டியதும் உன்னைப் பார்த்தோமே, அன்றைக்கு எனக்கு எத்தனை சந்தோஷம். அதற்கு முன் உன் முகம் ஒரே கட்டம்கட்டமாகத் தெரியும், அன்று நீ காதில் போட்டிருக்கும் பொட்டுக் கம்மல் வரைக்கும் தெரிந்தது. மெலிந்திருக்கிறாய் என்றும் தெரிந்தது. நீ தம்பி எங்கே, தம்பி எங்கே என்று கேட்டாய், நான் கடற்கரையில் நிற்கிறான் என்று சொன்னேன். அவன் கடற்கரையில் இல்லை மக்கா, அடுக்களையில் என் சேலையைப் பிடித்துத் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அவனுக்கு இருபத்தாறு வயது, ஆள் அப்பாவை விட உயரம், ஆனால் மனசு நீ விட்டுப்போன நாளில் இருந்த அதே சின்னப் பிள்ளை மனசுதான். நீ கம்ப்யூட்டரில் படம் வரையக் கற்றுக் கொடுத்துவிட்டுப் போனாய், அதை இத்தனை வருஷமாக ஒருநாள் தவறாமல் செய்துவந்தான். காலையில் பல் தேய்த்ததும் அந்த நாற்காலி. வள்ளம், வள்ளம், மறுபடியும் வள்ளம். அடிப்பலகைக்குச் சிவப்பு, மேலே நீலம். அவன் அங்கே உட்கார்ந்திருக்கும் நேரம்தான் எனக்குக் கருவாடு புரட்டவும் துணி அலசவும் நேரம். புது விண்டோஸில் படம் வரையும் இடத்தில் நிறங்கள் எல்லாம் கீழேயிருந்து மேலே போய்விட்டன, கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் தெரியும் அந்தப் பச்சை மேட்டுப் படமும் இல்லை. அவன் கீழே கீழே தேடினான். நான் விரலைப் பிடித்து மேலே காட்டினேன், கையைத் தட்டிவிட்டான். என் கம்ப்யூட்டர் தா, இது வேண்டாம், என் கம்ப்யூட்டர் தா என்று இதையே சொன்னான். பிறகு சோறு வேண்டாம் என்றான். பிறகு சுவரில் தலையை இடிக்கத் தொடங்கினான். நானும் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஏட்டி, இவனை இப்படிப் பிடிக்க என் கையில் இனி எத்தனை நாள் தெம்பு கிடக்கும் என்று அப்பா என்னிடம் கேட்டார்.

ஒருநாள் காலையில் நான் கடற்கரைக்குப் போய்த் திரும்பி வந்தால் வீட்டில் அவன் இல்லை. கோயிலைத் தாண்டித் தனியாக ஒரு எட்டு வைக்காத பிள்ளை. லைட்ஹவுஸ் பக்கம் பாறையில் பார்த்தேன், அங்கே குனிந்து கடலைப் பார்க்கும்போது என் உயிர் என்னிடம் இல்லை. அப்பாவின் கூட்டாளிகள் ஆளுக்கொரு திக்கில் ஓடினார்கள். கடைசியில் மீன் விற்கப் போன ஞானசெல்வி அம்மாண்டிவிளை ஜங்ஷனில் இவனைக் கண்டு, கூடையை அங்கேயே ஒரு கடையில் போட்டுவிட்டு, ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தாள். எங்க மக்கா போற என்று கேட்டாளாம், என் கம்ப்யூட்டர் எடுக்க என்றானாம். ஆட்டோ பெட்டியை ஏற்றிக்கொண்டு அந்த வழியாகப் போனதைப் பார்த்திருக்கிறான் அல்லவா, அந்த வழியாகவே நடந்திருக்கிறான். காலில் செருப்பு இல்லை, தார் சுட்டு உள்ளங்காலெல்லாம் கொப்புளம். எனக்கு அழக்கூட வரவில்லை மகளே, அப்படி ஒரு அலுப்பு. எண்ணெய் தடவிவிட்டு அவன் பக்கத்திலேயே தரையில் படுத்துவிட்டேன்.

மறுநாள் மீண்டும் பெட்டியோடு திங்கள்சந்தை போனேன், இந்த முறை அவனையும் கூட்டிக்கொண்டு. பழையதையே போட்டுத் தாருங்கள் என்றேன். அண்ணாச்சி யோசித்தார், நெட்டு கனெக்சன் கொடுத்தா ஆபத்து அக்கா, உங்க மக அங்கயிருந்து எப்படிப் பேசுவா என்றார். பேசாண்டாம் அண்ணாச்சி, இவன் சோறு தின்னா போதும் என்றேன். அவன் நாற்காலியில் குந்தியிருந்து அந்தப் பச்சை மேடு வரும்வரைக்கும் கண் எடுக்கவில்லை. வந்ததும் சிரித்தான் பாரு, கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சோறு வாங்கித் தின்றான். நெட்டை எடுத்துவிட்டோம், ஆகவே உன்னை இனிக் கம்ப்யூட்டரில் பார்க்க முடியாது. உன் யோசனையைக் குறை சொல்ல எழுதவில்லை, எனக்கும்தானே ஆசையாக இருந்தது.

ஆனால் ஒன்று கேட்கவேண்டும். ஜூன் மாதம் நாகர்கோவிலில் இவனைப் போன்றவர்களுக்காகச் சிஸ்டர்மார் நடத்தும் இல்லத்தில் இவனைச் சேர்த்துவிடலாம் என்றாய், நானும் சரி என்றேன். உனக்குப் பேசியிருக்கும் குளச்சல் மாப்பிள்ளை வீட்டாரிடமும் தம்பி அங்கேதான் இருப்பான் என்று நீ சொல்லியிருக்கிறாய். இப்போது எனக்கு மனசு வரவில்லை. நிறம் இடம் மாறியதற்கே இந்தப் பாடு, கட்டிலும் வாசலும் அம்மாவும் சேர்ந்து மாறினால் அவன் தாங்கமாட்டான். நாங்கள் இருக்கிறவரை நாங்கள் பார்த்துக்கொள்வோம். அதற்குப் பிறகு இந்த வீட்டில் இவனோடு நீ இருப்பாயா? இதுதான் கேள்வி. உனக்கும் ஒரு வாழ்க்கை வேண்டும், அது எனக்குத் தெரியாமல் இல்லை. முடியும் என்றால் கல்யாணப் பேச்சு முடியும் முன்பே அவர்களிடம் உள்ளதைச் சொல்லிவிடு. முடியாது என்றால் அதையும் எனக்கு எழுது. நான் கோபப்படமாட்டேன், அப்பாவிடம் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்வேன். என் காலில் நடை இருக்கும்போதே வேறு வழி தேடவேண்டும் மகளே, அதற்காகத்தான் கேட்கிறேன். எனக்காக ஆம் என்று சொல்லிவிடாதே.

புதன்கிழமை சகாய மாதா நவநாளில் உன் பெயருக்கு மெழுகுதிரி ஏற்றுகிறேன். மாதா உன் கூடவே நடக்கட்டும், நோயாளிகளைத் தொடும் உன் கைக்கு ஒரு தீங்கும் வராமல் இருக்கட்டும். பதிலைப் போனில் சொல்லாதே, அவன் போன் மணி கேட்டாலே வந்து பக்கத்தில் நின்றுகொள்கிறான், தன் பெயர் வந்தால் புரிந்துகொள்கிறான். எழுதியே அனுப்பு, எத்தனை நாள் ஆனாலும் சரி, யோசித்து எழுது.

உன்னை நினைத்திருக்கும் அம்மா,
குளோரி சிலுவை